கதிர் எண்ணும் கருவியும் நம் கரையும்

(கல்முனையில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அலை நம் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் உலகின் கருவிகள் பல அதிர்வை அளந்துவிட்டன. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அதைச் சொல்வார் ஒருவருமில்லை. கருவி இல்லாமையால் அன்று, கருவி கண்டது கரைக்கு வந்து சேராமையால் நாம் ஜனாஸாக்களைச் சுமந்தோம்.

அணுக்கதிருக்கோ அலையின் இரைச்சல்கூட இல்லை. கூடங்குளத்தில் 2014 முடிவிலும் 2017இலுமாக, 1000 மெகாவாற்று உலைகள் இரண்டு வணிக உற்பத்தியைத் தொடங்கின. நமக்கும் அதற்கும் இடையே 400 கிலோமீற்றருக்கு மேல். உலை வெடிக்குமென்று அச்சமூட்ட யான் வரவில்லை. ஆயினும், கச்சான் எத்திக்கிலிருந்து வீசுகிறது என்பதை வயற்காரருக்கு யான் சொல்ல வேண்டுமோ?

1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் வெடித்தபோது மொஸ்கோ வாய் திறக்கவில்லை. இரண்டு நாளின் பின், 1000 கிலோமீற்றருக்கு அப்பால், சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் ஊழியர் ஒருவரின் பாதணியைக் கருவி காட்டிக்கொடுத்தது. அன்றிரவே மொஸ்கோ ஒப்புக்கொண்டது! 2011இல் ஃபுகுஷிமாவில் நடந்தது வேறு. கதிர்முகில் செல்லும் வழியைக் கணித்தவர்கள் அதை மக்களுக்கு உரைத்தாரில்லை. நமியே ஊரார் பலர் முகில் சென்ற திக்கிலேயே தஞ்சம் புகுந்தனர். பின்னர் பொதுமக்களே சேஃப்காஸ்ட் என்னும் பெயரில் மோட்டார் வண்டிகளில் கருவி பொருத்தி, அளந்ததை உலகறிய வெளியிட்டனர்.

கருவி மாயமன்று. வாயு அடைத்த கைகர் குழாய் ஒன்று. கதிர் பாயுந்தோறும் ஒரு துடிப்பு. வெயிலில் மின்பெறும் தகடு, ஒரு பற்றரி, கம்பியில்லாமற் செய்தி அனுப்பும் சிறு பெட்டி. இத்தகையன பல இருந்தால், ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்றின் வழியே செய்தி போய்ச் சேரும். ஆனால் முதலில் இயல்பு நிலையை அறிய வேண்டும். புல்மோட்டை மணலில் இயற்கையாகவே தோரியம் உண்டு. மழை பெய்தால் வானிலுள்ள ரேடான் வழிவந்த துகள்கள் இறங்கி அளவு சற்று ஏறும். சில மணி நேரத்தில் தணியும். இதையறியாதவன் மாரி மழைக்கெல்லாம் ஊரைக் கலைப்பான்.

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குறுத்தும் பேரவையையும் அமைத்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவல் கேட்கும் உரிமையை உமக்கு அளித்தது. 14 வேலை நாட்களுள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிற் கேட்கலாம். அளவி நிலையங்கள் எங்கெங்கே, அம்பாறைக் கரையில் எத்தனை, ஆபத்து நேரின் கல்முனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு முதலிற் செய்தி சொல்லும் அதிகாரி யார் என மூன்று வினாக்களை எழுதி வைத்துள்ளேன். மனு மேசைமேல் இருக்கிறது. கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.