பொன்னாடையோடு நின்றுவிட வேண்டாம்



கடல் கடந்து வந்தவங்களையும் முன்னாள் படைவீரர்களையும் இந்தக் கலைவிழாவில் ஒரே மேடையில் ஏன் உட்கார வைக்கிறீங்கன்னு சிலர் கேட்டாங்க. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி தலைமையேற்ற இந்திய தேசிய ராணுவத்தில் மலேயா, பர்மா தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பிழைக்கப் போனவங்களே படைவீரர் ஆனாங்க. 1960-களில் பர்மாவிலிருந்தும், 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். பக்கத்தில் கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு.

கூத்து முடிஞ்சு பொன்னாடை போர்த்தினதோட நம்ம கடமை தீராது. கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகளே, இரண்டு வேலை செய்யுங்க. பெரியவங்க சொல்லும் கதையை, பாடும் தாலாட்டை அவங்க குரலிலேயே பதிவு பண்ணுங்க. அடுத்து, ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் படைவீரருக்கும், குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அவர் மனைவிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ‘ஜீவன் பிரமாண்’ செயலியில் முகப்பதிவு செய்து வாழ்நாள் சான்றிதழ் எடுத்துக் கொடுங்க. கெடு தவறினால் ஓய்வூதியம் நின்னுடும். சந்தேகம் இருந்தா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்க.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். உண்டியலில் காசு போடுவோம். பக்கத்து வீட்டு வீரருக்குப் பத்து நிமிஷமும் கொடுப்போம்.