சராசரி சொல்லாத சேதி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. ஹூஸ்டனில் மருத்துவமனைகளுக்கு நோயாளிகளின் புள்ளிவிவரங்களைச் சேர்த்துத் தரும் மென்பொருள் எழுதுகிறவன். "மெக்கானிக்கல் படிச்சவனுக்குக் கேன்சர் பத்தி என்னடா பேச்சு?" என்று என் விடுதி நண்பன் கேட்டான். தினமும் என் கண்ணில் படுவது அதுதான், என்ன செய்ய?

ஸ்பானிய மொழி மரபில் வந்தவர்களை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் 6 கோடியே 21 லட்சம் பேர். மெக்சிகோ, கியூபா, போர்ட்டோ ரிக்கோ, எல் சால்வடோர் என்று வேர்கள் பல. படிவத்தில் கட்டம் ஒன்றுதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல சேதி. வெள்ளையரைவிட இவர்களுக்குப் புற்றுநோய் வருவது ஏறத்தாழ கால் பங்கு குறைவு. புகைப்பவர்கள் குறைவு, அதனால் நுரையீரல் புற்றும் குறைவு. ஒரு கூட்டத்தில் இந்த வரைபடத்தைக் காட்டியதும் எல்லாரும் திருப்தியாக அடுத்ததற்குப் போய்விட்டார்கள். எனக்கு நம்ம ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பு ஞாபகம் வந்தது. தகடு முழுவதற்கும் சராசரி ஸ்ட்ரெஸ் குறைவாகத்தான் இருக்கும். கிழிவது துளை ஓரத்தில்.

உறுப்பு வாரியாகப் பிரித்தால் துளை தெரிகிறது. கல்லீரல், இரைப்பைப் புற்றுகள் வெள்ளையரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கருப்பை வாய்ப் புற்று சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மூன்றிலும் கிருமிக்குப் பங்கு உண்டு. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி, கருப்பை வாயில் எச்.பி.வி., கல்லீரலில் ஹெபடைடிஸ் பி, சி. கல்லீரலுக்குச் சர்க்கரை நோயும் உடல் பருமனும் குடியும் வேறு சேர்ந்துகொள்கின்றன. கல்லீரலில் கொழுப்பு சேரத் தூண்டும் ஒரு மரபணு வேறுபாடு இவர்களிடம் அதிகம் என்று 2008ல் டல்லாஸ் ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் மரபணு தலையில் எல்லாப் பழியையும் போட முடியாது.

ஏனென்றால் இவற்றில் பலவற்றைத் தடுக்கலாம். பைலோரியை மாத்திரையால் ஒழிக்கலாம். எச்.பி.வி. தடுப்பூசி 2006லிருந்து இருக்கிறது. அந்த வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பாப் ஸ்மியர் எடுத்தால் நடுவிலேயே பிடித்துவிடலாம். இத்தனை அவகாசம் இருந்தும் சாகிறார்களே!

முதல் காரணம் பணம். நாட்டிலேயே காப்பீடு இல்லாதவர் விகிதம் அதிகம் உள்ள மாநிலம் டெக்சாஸ். ஏழைகளுக்கான மெடிக்கெய்டை விரிவுபடுத்த 2010ம் வருடச் சட்டம் வழி செய்தது, டெக்சாஸ் ஏற்கவில்லை. குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களோ, அந்தச் சட்டம் அமைத்த காப்பீட்டுச் சந்தையில் சொந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. தினக்கூலிக்காரருக்குப் பரிசோதனைக்குப் போனால் ஒருநாள் சம்பளமும் போச்சு.

அடுத்தது மொழி. எங்கள் அலுவலகத்தில் ராத்திரி தரை துடைக்க வரும் அம்மா ஹோண்டுராஸ்காரர். அவருக்குப் பாப் ஸ்மியர் முடிவைச் சொன்ன கிளினிக்கில் மொழிபெயர்த்தவன் அவருடைய பதினொரு வயது மகன். செல்களில் மாற்றம் இருக்கிறது, உடனே வரணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பையனுக்கு அந்த வார்த்தைகள் புரியவில்லை. "இன்னொரு தடவை வரச் சொல்றாங்கம்மா" என்று மட்டும் சொன்னான். ஒன்றரை வருடம் கழித்துத்தான் போனார், ரத்தப்போக்கோடு. இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அவசர நேரம் தவிரக் குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று 2016லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. விதி இருக்கு, சாயங்காலம் ஏழு மணிக்கு ஆள்தான் இல்லை.

இந்தக் கட்டத்துக்குள்ளேயும் எல்லாரும் ஒன்றல்ல. போர்ட்டோ ரிக்கோக்காரர் கதை வேறு, மெக்சிகோக்காரர் கதை வேறு. நம்மையும் கொரியா, ஜப்பான்காரரோடு ஏசியன் என்ற ஒரே கட்டத்தில்தான் பெரும்பாலும் அடைக்கிறார்கள்.

நாங்கள் எழுதும் மென்பொருளில் பிறந்த நாடு, புரியும் மொழி என்று இரண்டு பத்திகள் கூட்டச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். பல பதிவுகளில் இரண்டும் காலியாகவே கிடக்கின்றன. முன்மேஜையில் உட்கார்ந்திருப்பவர் கேட்பதில்லை. வரிசை நீளம் என்கிறார். இப்போது அந்த இரண்டையும் நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.