வேலிக்கு வெளியே ஏற்றிய மெழுகுவர்த்தி
(தேர்வாய் கண்டிகையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தம் தாயாரின் நினைவாக ஒரு குடும்பம் கொஞ்சம் பணத்தை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வழிசெய்திருக்கிறது. "அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்பதைப் பற்றிப் பேசுங்கள் ஐயா" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். இதைவிடக் கடினமான தலைப்பை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. தட்டிக்கழிக்கவும் மனம் வரவில்லை.

வரும் வழியில் கவரைப்பேட்டையில் டீ குடிக்க நின்றேன். எதிர்ச் சுவரில் மூன்று கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். ஒன்றில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றிருந்தது. அடுத்ததில் 'இறைவனடி சேர்ந்தார்'. இது சைவக் குடும்பங்களும் போடுகிற சொல்தான், ஆனால் மேலே சிலுவை இருந்தது. மூன்றாவது, 'மகிமையில் பிரவேசித்தார்'. மூவருமே கிறிஸ்தவர்கள். ஒருவர் தூங்குகிறார், ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார். அச்சகத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் இறையியல் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டாயிரம் ஆண்டு விவாதம் அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது.

தூக்கமா, உடனே போய்ச் சேர்வதா? புதிய ஏற்பாட்டில் இரண்டுக்கும் இடமிருக்கிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது இறந்தோரை நித்திரை செய்கிறவர்கள் என்கிறார். எக்காளம் தொனிக்கும்போது எழுவார்கள் என்கிறார். பிலிப்பியருக்கு எழுதும்போதோ, இறந்தால் கிறிஸ்துவோடு இருக்கலாமே என்று ஏங்குகிறார். லூக்கா நற்செய்தியில், பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இயேசு அன்றைக்கே பரதீசைத் தருகிறார்.

அந்தக் கள்வனுக்குச் சொன்ன வாக்கில் தமிழ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் நிறுத்தற்குறிகள் பெரும்பாலும் கிடையாது. 'இன்று' என்ற சொல் 'சொல்கிறேன்' என்பதோடு சேருமா, 'இருப்பாய்' என்பதோடு சேருமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆன்மா உறங்குகிறது என்று நம்பும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் அதைச் 'சொல்கிறேன்' என்பதோடு சேர்ப்பார்கள். தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. நம் மொழியில் 'என்று' என்றொரு சொல் இருக்கிறது. 'இன்றைக்கு' அதற்கு முன்னால் வந்தால் வாக்குறுதியின் உள்ளே, பின்னால் வந்தால் வெளியே. நம் பழைய வேதாகமம் அதை முன்னால்தான் வைத்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவரின் நம்பிக்கையில் பாதி அந்த ஒரு சொல்லின் இடத்தில் நிற்கிறது என்று நான் நினைப்பதுண்டு.

இந்தக் கேள்வி ஒரு போப்பாண்டவரையே தடுமாற வைத்தது. 1331ஆம் ஆண்டு சகல புனிதர்கள் திருநாள் தொடங்கி, அவிஞ்ஞோனில் இருந்த இருபத்திரண்டாம் யோவான் தம் பிரசங்கங்களில், நல்லவர்களின் ஆன்மாக்கள்கூடப் பொதுத்தீர்வை நாள்வரை கடவுளை முகமுகமாய்க் காண மாட்டா, காத்திருக்கும் என்று சொல்லிவிட்டார். பாரிஸ் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் எதிர்த்தார்கள். புனிதர்களை நோக்கி மன்றாடும் எளிய மக்களுக்கும் அது அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். கடவுளை இன்னும் காணாதவரிடம் எனக்காகப் பரிந்து பேசு என்று எப்படிக் கேட்பது? 1334 டிசம்பரில், சாவதற்கு முந்தின நாள், அவர் தம் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 1336 ஜனவரியில் தீர்த்துச் சொன்னார்: தூய்மையடைந்த ஆன்மா பொதுத்தீர்வைக்குக் காத்திராமல் கடவுளைக் காணும். மரணப் படுக்கையில் தம் கருத்தை மாற்றிக்கொண்ட அந்தக் கிழவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சரி, தூய்மையடையாத ஆன்மா? கத்தோலிக்கர் இதற்கு 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்பார்கள். என் பாட்டி காலத்துச் சொல். உத்தரிப்பது என்றால் பட்டுத் தீர்ப்பது, பாக்கியைக் கட்டி முடிப்பது. கடனோடு வாழ்ந்து பழகிய குடியானவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. இப்போது 'தூய்மை பெறும் நிலை' என்று எழுதுகிறார்கள். இடம் என்பது போய் நிலை ஆகிவிட்டது. இறையியல்படி அதுதான் சரி. ஆனால் பாட்டிகளுக்கு இடம்தான் வேண்டியிருந்தது. இடமாக இருந்தால்தானே அங்கே எதையாவது அனுப்ப முடியும்?

அவர்கள் அனுப்பியது மன்றாட்டு. ஏழாம் நாள் பூசை, முப்பதாம் நாள் பூசை, ஆண்டு நினைவுப் பூசை, நவம்பர் மாதம் முழுக்க ஆத்துமாக்களுக்கான செபம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று சென்னை கீழ்ப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் கல்லறைத் தோட்டங்களைப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த கல்லறைகள்மேல் சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி. அந்த நாளில் ஒரு குருவானவர் மூன்று பூசை வைக்கலாம் என்று 1915இல் போப்பாண்டவர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அனுமதி கொடுத்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. செத்தவர்கள் அத்தனை பேர். திருச்சபையின் ஒழுங்குமுறை மக்களின் அழுகைக்குச் செவிசாய்த்த தருணங்களில் அதுவும் ஒன்று.

சீர்திருத்தச் சபையார் இதை ஏற்பதில்லை. 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய சண்டையே இந்த ஆன்மாக்களின் தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லி நடந்த பலன்சீட்டு வியாபாரத்தை எதிர்த்துத்தான். அந்தக் கோபம் நியாயமானது. 1563 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் உத்தரிப்பு உண்டு என்று உறுதிசெய்தது. ஆனால் அதே மூச்சில், இழிவான ஆதாயத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் கண்டித்தது. இறந்தோருக்காக மன்றாடியதைச் சொல்லும் மக்கபேயர் இரண்டாம் நூல் கத்தோலிக்கர் வேதத்தில் இருக்கிறது, சீர்திருத்தச் சபையார் வேதத்தில் இல்லை. புத்தகத்தின் கனத்திலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

அக்காள் கத்தோலிக்கர், தம்பி சி.எஸ்.ஐ., அவன் மகன் பெந்தெகொஸ்தே என்று ஒரே குடும்பத்தில் இருப்பது நம் பக்கத்தில் புதிதல்ல. அம்மா இறந்து முப்பதாம் நாள் அக்காள் பூசைக்குக் கொடுக்கிறார். தம்பி பூசைக்குள் வராமல் வாசலில் நிற்கிறார். செத்தவருக்காக வேண்டுவது அவருக்குப் பாவம் போலத் தோன்றுகிறது. தேவனுக்கு நன்றி சொல்ல மட்டும் ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைக்கிறார். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பியும் அழத்தான் செய்தார். அவர் துக்கத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அக்காளுக்கு ஒரு வேலை இருந்தது.

இங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. 1515இல் போர்த்துகீசியர் கட்டியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் அங்கே. அதே ஊரில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய வணிகர்களும் அவர்களுடைய வாரிசுகளும் படுத்திருக்கும் இடம். வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று தலையில் மணற்கடிகாரம் தாங்கி நிற்கிறது. அவர்கள் சீர்திருத்தச் சபையினர். எனக்காக வேண்டிக்கொள் என்று வழிப்போக்கனிடம் கேட்பது அவர்கள் வழக்கமல்ல. காலம் முடிந்தது, கணக்கு கடவுளிடம். ஏரிக்காற்றில் அந்தக் கற்களுக்கு நடுவே நிற்கும்போது அந்த நம்பிக்கையின் கம்பீரமும் புரிகிறது, அதன் தனிமையும் புரிகிறது.

இனி என் மனத்தை அதிகம் உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். இதுவரை பேசியது ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பற்றி. நம் குடும்பங்களில் இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறைக்கு மேலே போனால் கிறிஸ்துவின் பெயரைக் கேட்டேயிராத பாட்டன் பூட்டன்கள் நிற்கிறார்களே, அவர்கள் எங்கே?

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542 முதல் ஊர் ஊராக நடந்த பிரான்சிஸ் சவேரியார் பிறகு ஜப்பான் போனார். அங்கிருந்து திரும்பி 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி இருக்கிறது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற ஜப்பானியர், நரகத்தில் இருக்கும் எங்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் மீட்க வழியே இல்லையா என்று கேட்டு அழுதார்களாம். இல்லை என்றுதான் அவர் காலத்து இறையியல்படி அவர் பதில் சொன்னார். அவர்கள் அழுகையை நிறுத்தவில்லை. தமக்கும் துயரமாக இருந்தது என்று அவரே எழுதுகிறார். நம் கடற்கரைக்காரர்களும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திருச்சபை அந்த அழுகைக்கு வேறு பதில் சொல்ல நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1964 நவம்பர் 21இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கை விளக்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சாட்சி காட்டிய வழியில் கடவுளைத் தேடி வாழ்ந்தவர்களும் மீட்படைய முடியும் என்றது. சீர்திருத்தச் சபைகளில் இதற்கு ஒரே பதில் இல்லை, சிலர் இன்னும் கதவை அடைத்தே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவர்களுக்கும் மீட்புண்டு என்ற பதிலின் விதை முதலிலிருந்தே இருந்தது. பல சபையார் சொல்லும் பழைய விசுவாசப் பிரமாணத்தில், இயேசு பாதாளத்தில் இறங்கினார் என்றிருக்கிறது. வாரந்தோறும் சொல்கிறோம், நின்று யோசிப்பதில்லை. பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவில், தமக்கு முன்னால் செத்தவர்களைத் தேடி அவர் போனார். கீழைத் திருச்சபைகள் உயிர்ப்பு நாளுக்கு வரையும் படத்தில், உடைந்து விழுந்த கதவுகள்மேல் கிறிஸ்து நின்று, ஆதாமையும் ஏவாளையும் மணிக்கட்டைப் பிடித்துக் குழியிலிருந்து இழுக்கிறார். கையைக் கோக்கவில்லை, மணிக்கட்டைப் பிடிக்கிறார். எழ வலுவில்லாதவரை நாம் அப்படித்தானே தூக்குவோம்? அந்த ஆதாமுக்கு ஞானஸ்நானம் இல்லை, வேதபாடம் இல்லை, சபைப் பதிவேட்டில் பெயரும் இல்லை.

இதுவரை மறுமையில் இடம் பற்றிப் பேசினேன்; மண்ணில் இடம் பற்றியும் பேச வேண்டும். இந்த ஊருக்கு 'இடம்' என்ற சொல்லின் கனம் தெரியும். சிப்காட்டுக்காக மேய்க்கால் நிலம் போனபோது நீங்கள் ஆண்டுக்கணக்கில் போராடினீர்கள். 2020 நவம்பரில் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கத்தின் தண்ணீர் என் போன்ற சென்னைக்காரர்கள் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. இடம் கிடைக்காதவரின் வலி உயிரோடு முடிவதில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கென்று சுவர் வைத்தார்கள். மோட்சத்தில் சுவர் உண்டா என்று யாரும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மண்ணில் அதை எழுப்பியது பாவம். தயக்கமில்லாமல் சொல்கிறேன், பாவம்.

எனக்கு முன்னால் ஒரு அக்காள் பிறந்தாள். இரண்டு நாள் இருந்தாள். ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே போய்விட்டாள். மந்திரிக்கப்பட்ட மண்ணில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, கள்ளிப் புதரோரம் அப்பா குழி வெட்டினார். அப்படிப்பட்ட குழந்தைகள் லிம்போ என்ற இடத்தில், வேதனையும் இல்லாமல் கடவுளின் முகமும் இல்லாமல் இருப்பார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லப்பட்டது. அம்மாவை அரித்தது வேறொன்று. சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. "பானையில தண்ணி இருந்துச்சுடா" என்பார். நாற்பது வருடம் இதையே சொன்னார். வேறு விளக்கம் சொல்ல மாட்டார்.

லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கச் சொன்னது. அதற்கு முன்பே 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியோடு அக்குழந்தைக்கு அடக்கச் சடங்கு நடத்தலாம் என்றிருந்தது. 2007இல் பதினாறாம் ஆசீர்வாதப்பரின் ஒப்புதலோடு வந்த இறையியலாளர் குழுவின் அறிக்கை, அவர்கள் மீட்படைந்து கடவுளைக் காண்பார்கள் என்று நம்பக் கனமான காரணங்கள் உண்டு என்றது.

அந்தச் செய்தி வந்த நாளிதழை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது, நான்தான் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். "இப்பதான் தெரிஞ்சுதா அவங்களுக்கு?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். அந்த வருடக் கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, என்னை வேலிக்கு வெளியே கூட்டிப் போகச் சொன்னார். கள்ளி போய் அங்கே கருவேலம் வளர்ந்திருந்தது. குழி எது என்று எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. உத்தேசமாக ஓரிடத்தில் மெழுகுவர்த்தியை நட்டோம். காற்றில் அணைந்தது. அம்மா தம் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டார், நான் மறுபடி ஏற்றினேன்.