பழைய பிலிம் கேமராவால் சம்பாதிக்க முடியுமா?

(நமது அறக்கட்டளையின் தொழில் வழிகாட்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

வட்டியில்லாக் கடன் கேட்டு இந்த முறை நம் அலுவலகத்துக்கு வந்த மனுக்களில் மூன்று ஒரே மாதிரி இருந்தன. மூன்றும் பிலிம் கேமரா சம்பந்தப்பட்டவை. இரண்டு பையன்கள், ஒரு பெண்பிள்ளை. பையன்கள் இருவரும் இன்னொரு கேமரா வாங்கப் பணம் கேட்டிருந்தார்கள். அந்தப் பெண்பிள்ளை கேமரா கேட்கவில்லை. பிலிம் கழுவுகிற டப்பா, மருந்துகள், ஒரு ஸ்கேனர், இவ்வளவுதான் கேட்டிருந்தாள். கமிட்டியில் கருத்து வேறுபாடு வந்தது. எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும்போது இந்தப் பழைய சாமான் எதற்கு என்றார்கள் சிலர். நியாயமான கேள்விதான். அதனால் விசாரித்தோம், கணக்குப் போட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே வைக்கிறோம்.

படம் எடுப்பது பற்றிய மஸ்அலாவை இங்கே எடுக்கவில்லை. அதில் சந்தேகம் உள்ளவர்கள் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் நிக்காஹ் படம் எடுக்கத்தான் செய்கிறார்கள், அதற்குப் பணமும் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது, படம் எங்கே போகிறது என்பதுதான் நம் பேச்சு.

நம் ஊரில் இந்த கேமராக்கள் எப்படி வந்தன என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும், பிறகு வளைகுடாவுக்கும் சபர் போனவர்கள் யாஷிகா, கேனன், பென்டாக்ஸ் என்று வாங்கி வந்தார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஓடிய காலத்தில் 'இந்து' பிலிம் கடைகளில் கிடைத்தது. அந்த ஆலை மூடிக்கிடக்கிறது. இன்று நாம் வாங்கும் பிலிம் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருவது, விலையும் அப்படித்தான். அலமாரியில் கிடந்த கேமராவைப் பேரப்பிள்ளைகள் எடுத்துத் துடைத்துப் படம் எடுக்கிறார்கள். பொழுதுபோக்காக இருக்கிற வரை அதில் குற்றமில்லை. காசு வாங்கத் தொடங்கினால் கணக்கு வேறு.

ஒரு ரோல் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை விலை மாறும், இது கணக்குக்காகச் சொல்வது. கழுவி ஸ்கேன் செய்ய ஐந்நூறு. ஆக ஆயிரத்து ஐந்நூறுக்கு 36 படம். ஒருமுறை பட்டனை அழுத்தினால் நாற்பது ரூபாய்க்கு மேல் போகிறது. ஒரு கல்யாணத்துக்கு ஐந்து ரோல் என்றால் ஏழாயிரத்து ஐந்நூறு. பிரிண்ட், ஆல்பம், ஆட்டோ என்று இன்னும் ஆயிரத்து ஐந்நூறு சேர்த்தால் ஒன்பதாயிரம். பத்தாயிரம் கேட்டால் 'கல்யாணத்துக்குப் பத்தாயிரம் வாங்குகிறான்' என்று ஊர் சொல்லும். இரண்டு நாள் உழைத்த பிள்ளை கையில் மிஞ்சுவது ஆயிரம். மனுக் கொடுத்த பையன்களில் ஒருவர் இதுவரை வாங்கிய கூலியைக் கேட்டோம். ஆறாயிரம் வாங்கியிருக்கிறார். வாப்பா அனுப்பிய பணத்திலிருந்து கல்யாண வீட்டுக்கு மூவாயிரம் அன்பளிப்புக் கொடுத்திருக்கிறார் என்றுதான் அதற்குப் பொருள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் தலைநகர் பமாக்கோ. அங்கே செய்து கெய்த்தா என்று ஒருவர் இருந்தார். தச்சுவேலை பழகியவர். 1935-இல் அவருடைய சிறிய தந்தை செனகல் போய்வந்தபோது ஒரு கோடாக் பிரவுனி கேமரா வாங்கிக் கொடுத்தார். சொந்தக்காரர்களைப் படம் எடுத்துப் பழகினார், நம் பிள்ளைகள் செய்வதைப் போலவே. 1948-இல் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்தார். பின்னால் தொங்கவிடும் திரைக்குக்கூடத் தன் படுக்கை விரிப்பைத்தான் முதலில் பயன்படுத்தினார். பிலிம் விலை அவரையும் நெருக்கியது. அதனால் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு படம் என்று வைத்துக்கொண்டார். உட்கார வைப்பது, ஆடையைச் சரிசெய்வது, வெளிச்சம் பார்ப்பது, எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஓர் அழுத்தல். மனிதர் அழகாகத் தெரிய வேண்டும், திருப்பி எடுக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டில்தான் அவர் தொழில் ஓடியது. நெகட்டிவ்களை ஆயிரக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தார். 1994-இல் பாரிஸில் அவருக்கென்றே கண்காட்சி வைத்தபோது அவை உதவின. பையன்கள் இரண்டாவது கேமரா கேட்ட மனுவைப் பார்த்ததும் எங்களுக்கு இவர் ஞாபகம்தான் வந்தது.

கடைக்காரர்களுக்குப் பிலிமில் படம் எடுத்துக் கொடுக்கலாமே என்று ஒரு பையன் எழுதியிருந்தார். அத்தர், புர்கா, பலகாரம் விற்கும் நம் வியாபாரிகள் காலையில் எடுத்த படம் மதியம் வாட்ஸ்அப்பில் வேண்டும் என்பவர்கள். அதற்குச் செல்போன் போதும். இதில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

நம்பிக்கை வைக்கக்கூடிய இடம் பெண்கள் பகுதி என்பது எங்கள் எண்ணம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு வீட்டார் கண்ணீரோடு நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். மருதாணி இரவில் பெண்கள் பந்தலில் எடுத்த படங்கள் வெளியூர் ஸ்டுடியோ ஒன்றின் விளம்பரப் பக்கத்தில் இருந்தன. படம் எடுத்தது பெண்தான். ஆனால் கார்டு போன இடம் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அறை. பேசி நீக்க வைத்தோம். அதற்குள் யார் யார் போனில் ஏறியதோ, அல்லாஹ்வுக்கே தெரியும்.

பிலிமில் ஒரு வசதி உண்டு. நெகட்டிவ் என்பது கையில் பிடிக்கக்கூடிய ஒரே பொருள். அதைக் கல்யாண வீட்டில் கொடுத்துவிட்டால் படம் அவர்களிடம்தான். ஆனால் கழுவுவதற்கு லேபுக்கு அனுப்பினால் அங்கே ஸ்கேன் செய்பவர் பார்க்கிறார், அவருடைய கம்ப்யூட்டரில் நகல் தங்குகிறது. அந்தப் பெண்பிள்ளை ஏன் கேமரா கேட்காமல் கழுவும் டப்பா கேட்டாள் என்பது எங்களுக்கு இப்போதுதான் புரிந்தது. எடுப்பவள், கழுவுபவள், ஸ்கேன் செய்பவள் ஒருத்தியே. வீட்டை விட்டு எதுவும் போகாது.

இது புதிய யோசனையும் இல்லை. நிஜாமின் அரசவைப் படக்காரராக இருந்த ராஜா தீன் தயாள் 1892-இல் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டுடியோ திறந்தார். அதை நடத்தியவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. பர்தாவில் இருந்த சீமாட்டிகள் அங்கே வந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

பலஸ்தீனத்தில் இன்னும் பொருத்தமான ஒருவர் இருந்தார். கரீமா அப்பூத், பெத்லஹேமில் பிறந்தவர், கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகள். 1913-இல் தந்தை அவருக்கு ஒரு கேமரா பரிசளித்தார். முதலில் உறவினர், தோழிகள், ஊர்க் காட்சிகள். பிறகு வீட்டிலேயே பெண்களையும் குழந்தைகளையும் கூலிக்கு எடுத்தார், கல்யாணங்களுக்குப் போனார். வெளியே ஸ்டுடியோவுக்கு வராத குடும்பத்துப் பெண்கள் இவரிடம் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். படங்களில் தம் பெயரையும் 'பெண் புகைப்படக்காரர்' என்பதையும் அரபியிலும் ஆங்கிலத்திலும் முத்திரையாகப் பதித்தார். தந்தை கொடுத்த கேமரா அந்த முத்திரையோடுதான் தொழிலானது என்று நாங்கள் நினைக்கிறோம்.

சரி, நம் பிள்ளைகளுக்கு வேலை விஷயமாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கறுப்பு-வெள்ளை பிலிமை 20 டிகிரியில் கழுவுவது வழக்கம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சித்திரையில் 30-ஐத் தாண்டும், ஐஸ் வைத்துக் குளிர்விக்காமல் இறங்காதீர்கள். கலர் பிலிமுக்கு 38 டிகிரி, அந்தச் சூட்டை இங்கே பிடிப்பது சுலபம். ஆனால் மூன்றேகால் நிமிடம் என்றால் மூன்றேகால் நிமிடம்தான். ஃபிக்ஸர் மருந்தில் பிலிமின் வெள்ளி கரைந்திருக்கும், கிணற்றடியில் கொட்டக் கூடாது. பழைய கேமராவில் வெளிச்சம் புகாமல் தடுக்கும் பஞ்சு உளுத்துப்போயிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் முன் ஒரு ரோல் சோதனை போட்டுப் பாருங்கள். சபரிலிருந்து வருபவரிடம் பிலிம் வாங்கிவரச் சொன்னால், விமான நிலையத்தில் புது ஸ்கேன் இயந்திரத்தில் போடாமல் கையால் சோதிக்கச் சொல்லி கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிலிம் புகைபடிந்தாற்போல் ஆகிவிடும். இன்னொன்று: நிக்காஹ் நேரத்தைத் திரும்ப நடத்த மாட்டார்கள். கூடவே ஒரு டிஜிட்டல் கேமரா வைத்துக்கொள்ளுங்கள், அதன் கார்டையும் வீட்டாரிடமே கொடுத்துவிடுங்கள்.

எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, நாம்தான் 'எழுதுவது மரியாதைக் குறைவு' என்கிறோம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவர் இல்லை. எத்தனை ரோல், எத்தனை பிரிண்ட், என்றைக்குக் கொடுப்பது, அட்வான்ஸ் எவ்வளவு, நெகட்டிவ் யாரிடம், ஸ்கேன் எப்போது அழிக்கப்படும், ஒரு படத்தையாவது வெளியே காட்டலாமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தமிழில் ஒரு பக்கப் படிவம் நம் அலுவலகத்தில் தயார் செய்து வைத்திருக்கிறோம். வாங்கிக்கொள்ளலாம்.

கமிட்டியின் முடிவு இது. பெண்பிள்ளைக்குக் கேட்ட தொகை கொடுக்கிறோம், பத்து மாதத் தவணை. பையன்கள் இருவரும் இப்போதுள்ள கேமராவிலேயே மூன்று வேலை செய்து வரவு செலவு எழுதிக்கொண்டு வரட்டும். நஷ்டம் இல்லையென்றால் மறுபடி பேசுவோம். இதில் அந்த உம்மாவுக்குத் தயக்கம் இருந்தது. இரவு நேரம் மண்டபத்துக்குத் தனியாக எப்படி அனுப்புவது என்று கேட்டார்கள். சரியான கேள்வி. உம்மாவோ மாமியோ கூடப் போவது என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறோம். கூட வருபவருக்கும் சாப்பாடு, போக்குவரத்து கல்யாண வீட்டார் பொறுப்பு.

கடைசியாகத் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். ஷவ்வாலில் நம் தெருக்களில் கல்யாணங்கள் வருகின்றன. இரண்டு வீட்டார் இந்தப் பிள்ளையைக் கேட்டிருக்கிறார்கள், சந்தோஷம். அதில் ஒரு வீடு 'நம்ம பிள்ளைதானே, பார்த்துக் கொடுக்கலாம்' என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். வெளியூர் ஸ்டுடியோவுக்கு அட்வான்ஸ் கொடுத்துத்தான் நாள் வாங்குகிறோம். இந்தப் பிள்ளைக்கும் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள். பிலிம் வாங்க அவளிடம் வேறு பணம் கிடையாது. மீதியை ஆல்பமும் நெகட்டிவும் கைக்கு வந்த அன்றே கொடுத்துவிடுங்கள். தவணை மாதம் பிறந்ததும் அவள் நம் அலுவலகத்துக்குக் கட்ட வேண்டும்.