ஏடு காத்திருக்கும், குரல் காத்திராது



கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தைக் காணப் பல நாட்டவரும் வருகின்றனர். அக்கட்டடம் நன்கு பேணப்படுகிறது. ஆனால் கேரள யூதர்களின் மற்றொரு செல்வம் கல்லால் ஆனதன்று; பெண்களின் நாவில் வாழ்ந்தது.

கொச்சி, எறணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களின் யூத மகளிர் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் மலையாளத்தில் பாடி வந்தனர். வேதக் கதைகள், தொழுகைக் கூடங்களின் வரலாறு, மணமக்களுக்கு வாழ்த்து ஆகியவை அப்பாடல்களின் பொருள். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் அவர்களுடைய கையெழுத்துக் குறிப்பேடுகளில் எஞ்சியுள்ளன.

எனினும் ஏட்டில் இருப்பது சொல் மட்டுமே. மேலைநாடுகளில், துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே இசைக்கும் பியானோ ஒன்று இருந்தது. அச்சுருளில் எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைத் துளைகளே குறிக்கும். வாசித்தவர் மறைந்த பின்னரும், சுருளைப் படமெடுத்துக் கணிப்பொறியால் இசையை மீட்டுவிடலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2014-இல் இத்தகைய பணியைத் தொடங்கியது. பாட்டேட்டுக்கு அந்த வசதி இல்லை. அதன் மெட்டு பாடுபவரின் நினைவிலேயே தங்கியிருக்கிறது. 1950-களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். ஏடுகள் உடன் சென்றன. பாடும் வழக்கமோ தளர்ந்தது. பல பாடல்களின் மெட்டு மறைந்தே போயிற்று.

எஞ்சியவை தப்பியது சிலருடைய முயற்சியால். பி. எம். ஜுஸ்ஸே, ஷெர்லி ஐசன்பெர்க், பார்பரா ஜான்சன் ஆகியோர் பாடல்களைத் திரட்டினர். 1912-இல் கொச்சியில் பிறந்த ரூபி டேனியல் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004-இல் குறுந்தகடு ஒன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் 'கார்குழலி' என்ற தொகுப்பை மலையாளத்திலும் எபிரேயத்திலும் கொணர்ந்தனர்.

ஒலிப்பதிவு செய்வதோடு கடமை முடிந்துவிடாது. காந்த நாடாவின் பூச்சு ஈரத்தால் கெடும். அதை ஒலிக்கச் செய்யும் கருவிகளும் அருகி வருகின்றன. ஆகவே நாடாவிலுள்ள ஒலியை எண்முறைக்கு மாற்றி, வெவ்வேறு இடங்களில் படிகளை வைத்தல் வேண்டும். பாடியவர் யார், எவ்வூர், எந்தச் சடங்குக்குரிய பாட்டு என்ற விவரம் ஒவ்வொரு பதிவுடனும் இருத்தல் வேண்டும். அஃதில்லாத பதிவு முகவரியற்ற கடிதம் போன்றது.

இது யூதர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் முதியவர்களின் நினைவிலேயே உள்ளன. ஒலிப்பதிவுக் கருவி இன்று கைப்பேசியாகப் பலர் சட்டைப் பையிலும் இருக்கிறது. ஊர் நூலகமும் பள்ளியும் கைகோத்தால், பாட்டிமார்களின் குரலை அவர்கள் பாடும் நாளிலேயே பதிந்து வைக்கலாம். ஏட்டை அடுத்த ஆண்டும் படமெடுக்கலாம். குரலை இன்றே பதிவு செய்தாக வேண்டும்.