மொய்யில் வைக்கிற ஒரு ரூபாய்

(பட்டிமன்றத் தலைப்பு: திரையில் அனுப்பும் பரிசு அன்பின் அடையாளமா? வீண்செலவா? 'அன்பின் அடையாளமே' அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் சிக்கனச் செம்மல்களே! (சிரிப்பு)

எதிரணித் தம்பி கேட்டார்: "மணக்காத பூ, இனிக்காத கேக், அதுக்குக் காசா?" நல்ல கேள்வி. 2007 பிப்ரவரியிலே அமெரிக்காவில் ஃபேஸ்புக் ஒரு பரிசுக் கடை திறந்தது. எல்லாம் சின்னச் சின்னப் படங்கள். விலை ஒரு டாலர். மெக்கின்டாஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்து புகழ்பெற்ற சூசன் கேர் அம்மையார்தான் அங்கேயும் வரைந்தார்.

நண்பனுக்கு வாழ்த்தை அதே இடத்தில் சும்மாவே எழுதலாமே! பிறகு ஏன் டாலர்? சும்மா வருகிற வாழ்த்து நூறு வரும். 'எனக்காக ஒருத்தன் சட்டைப்பையில் கைவிட்டான்' என்பது எத்தனை பேரிடமிருந்து வரும்? மதிப்பு படத்தில் இல்லை ஐயா, அந்தக் கைவிடுதலில் இருக்கிறது! (கைதட்டல்)

நம்ம ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுகிறோம். நூறு வைக்கிறவர் நூற்றியொன்று வைக்கிறார். அந்த ஒரு ரூபாய்க்கு என்ன வாங்க முடியும்? ஒன்றும் முடியாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் முகம் சுருங்குது! திரையில் வருகிற பூ அந்த ஒரு ரூபாய். (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஃபேஸ்புக் அந்தக் கடையை 2010 ஆகஸ்டில் மூடிவிட்டது. ஆசை மூடவில்லை. டிக்டாக் நேரலையில் ரோஜா ஒரு நாணயம். சிங்கம் 29,999 நாணயம்! நாணயத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். அதிலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருகிறது. முகம் தெரியாதவர் நம்ம பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லணும் என்பதற்காகச் சிங்கம் அனுப்பினால், அது பரிசு இல்லை. பெயர் வாசிக்கக் கொடுத்த கூலி! வீட்டுப் பிள்ளை அப்பா பணத்தில் சிங்கம் விட்டால், அன்றைக்கு அடுப்பில் பூனைதான் படுத்திருக்கும். (பலத்த சிரிப்பு)

குசேலர் கொண்டுபோனது கந்தல்துணியில் முடிந்த அவல். கண்ணன் ஏன் பிடுங்கித் தின்றான்? அவலுக்குப் பின்னால் இருந்த வீடும் வறுமையும் அவனுக்குத் தெரியும். அனுப்புகிறவரை வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்கணும். அங்கே ஒரு டாலர்ப் படமும் அவல்தான். தெரியாத இடத்தில் தங்கச் சிங்கமும் வெறும் படம்தான்.

நடுவர் மணியில் கைவைத்துவிட்டார். பேத்தி செல்லிலே ஒரு ரோஜா அனுப்பினால், "இதுல என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள் தாய்மார்களே. அதில் பேத்தி இருக்கிறாள்! (நீண்ட கைதட்டல்)