மீன் சொன்ன கணக்கு



மக்கள் அனைவருக்கும் தூய குடிநீரும் சுகாதாரமான கழிப்பிடமும் தருவோம் என்று சொல்லாத அரசாங்கம் உலகில் இல்லை. தேர்தல் அறிக்கையிலும் அது வரும், ஐந்தாண்டுத் திட்டத்திலும் வரும். ஆனால் எந்த ஆண்டுக்குள், எதைப் பார்த்து நிறைவேறியது என்று சொல்வது? இந்த இரண்டையும் கேட்டால்தான் பதில் தடுமாறும். பதில் தெளிவாக வந்த இடங்களில் ஒன்று சிங்கப்பூர்.

1977 பிப்ரவரி 27ஆம் தேதி அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ பேசினார். பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மக்கள் மீன் பிடிக்க வேண்டும் என்றார். கறுத்துப்போய், கடப்பவரை மூக்கைப் பொத்த வைத்த அந்த ஆறுகளைத் தினமும் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் மீன்? மலமும் பண்ணைக் கழிவும் கடைகளின் மிச்ச உணவும் ஆற்றில் அழுகும்போது, அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. பிராணவாயு தீர்ந்த பிறகு அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு கிளம்புகிறது. அங்கே மீன் வாழாது. ஆகவே மீன் திரும்பி வந்தால் கழிவு நின்றுவிட்டது என்று பொருள். இதைச் சரிபார்க்க ஆய்வுக்கூட அறிக்கை வேண்டாம். பாலத்தில் நின்று எட்டிப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். இலக்கை வைத்தவர்கள் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது. இந்த இலக்கின் பலமே அதுதான்.

மீன் வேண்டுமென்றால் ஆற்றில் மிதக்கும் குப்பையை வாரினால் போதாது. கழிவு எங்கிருந்து வருகிறதோ அங்கே போக வேண்டும். சுற்றுப்புற அமைச்சின் திரு லீ எக் தியெங் பொறுப்பேற்க, பல அமைச்சுகளும் கழகங்களும் ஒரே திட்டத்தின் கீழ் வந்தன. காலாங் வட்டாரத்தில் மட்டும் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் இருந்தன. ஏறத்தாழ 5,000 தெருவோர அங்காடிக்காரர்கள் குழாய் நீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். சுமார் 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. ஆற்றை அடைத்து நின்ற ஏறத்தாழ 800 சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்கிற்குப் போயின. (19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதே ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் பலர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.)

வாளிக் கழிப்பறைகளின் கதை தனி. கழிவுநீர்க் குழாய் எட்டாத வீடுகளின் பின்புறம் வந்து, நிறைந்த வாளியை எடுத்துவிட்டு வெற்று வாளியை வைத்துப் போக ஒரு தொழிலாளி இருந்தார். அந்த வாளிகளை ஏற்றிய லாரியில் 32 கதவுகள். கதவுக்கு ஒரு வாளி. அந்த முறை சிங்கப்பூரில் முற்றாக ஒழிந்தது 1987 ஜனவரியில்தான். வானளாவிய கட்டடங்களும் விரைவுச்சாலைகளும் வந்துவிட்ட பிறகும் யாரோ ஒருவர் கையால் அந்த வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

1987 செப்டம்பரில் விழா எடுத்தார்கள். அதிகாரிகள் பத்துப் பேருக்குத் தங்கப் பதக்கம். செலவு ஏறத்தாழ 170 மில்லியன் வெள்ளி. குடிபெயர்ந்தவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு இதில் சேரவில்லை.

மீன் சொல்லாத கணக்கும் ஒன்று உண்டு. பன்றி வளர்த்தவர்களில் சிலர் பொங்கோல் பகுதிக்குப் போய் மீண்டும் பண்ணை அமைத்தார்கள். 1984இல் பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்திவிட அரசாங்கம் முடிவெடுத்தது. வேறு தொழில் தெரியாத ஒருவருக்கு இழப்பீட்டுத் தொகை எத்தனை நாள் வரும்? ஆறு தூய்மையாக வேண்டியது நியாயமே. அதற்காகத் தொழிலை இழந்தவர்களில் எத்தனை பேர் மறுபடி நிமிர்ந்தார்கள் என்பதும் அந்தப் பத்தாண்டு இலக்கில் ஒரு வரியாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. மீன் துள்ளும் தண்ணீரெல்லாம் குடிக்கத் தக்க தண்ணீர் அல்ல. டைபாய்டு, காலரா கிருமிகளை மீன் காட்டிக் கொடுக்காது. அதே ஆறுகளின் முகத்துவாரத்தில் 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டு, 2010இல் அங்கே நன்னீர்த் தேக்கம் உருவானது. அந்த நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்குவதற்கு வேறு அளவுகோல்கள், வேறு சோதனைகள்.

அளவுகோல் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பங்ளாதேஷ் காட்டியது. குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்த நாட்டில், 1970களிலிருந்து ஆழ்குழாய்க் கைப்பம்புகள் பெருமளவில் போடப்பட்டன. நல்ல நோக்கம்தான். ஆனால் நிலத்தடியில் இயற்கையாகவே ஆர்செனிக் என்னும் நஞ்சு இருந்தது. 1993இல் அது தெரிய வருவதற்குள் கோடிக்கணக்கானோர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டார்கள். பிறகு பம்புகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை, நஞ்சுள்ளதற்குச் சிவப்பு என்று சாயம் பூசினார்கள்.

ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் புத்தாயிரமாண்டு இலக்குகளில், பாதுகாப்பான குடிநீர் இல்லாதோரின் விகிதத்தை 2015க்குள் பாதியாகக் குறைப்பதும் ஒன்று. அது 2010இலேயே எட்டப்பட்டதாக 2012இல் அறிவித்தார்கள். எண்ணியது என்ன? தண்ணீரின் தரத்தை அல்ல, தண்ணீர் வரும் வழியை. குழாயா, மூடிய கிணறா என்று பார்த்தார்கள். 2002இல்தான் பட்டியலில் சேர்க்கப்பட்ட கழிப்பிட இலக்கோ 2015இல் எட்டப்படவே இல்லை. கழிப்பறையைப் பற்றிப் பேச அரசியல்வாதிகளுக்கு எங்கும் கூச்சம்தான்.

2015இல் வகுத்த புதிய இலக்குகள் அளவுகோலைக் கடுமையாக்கின. குடிநீர் வீட்டிலேயே கிடைக்க வேண்டும், தேவைப்படும் நேரத்தில் கிடைக்க வேண்டும், மலக் கிருமியும் ஆர்செனிக், ஃபுளோரைடு போன்ற இரசாயன மாசும் அதில் இருக்கக் கூடாது. கெடு 2030. இந்தக் கோலால் அளந்தபோது, 2022இல் உலகில் 220 கோடிப் பேருக்கு அப்படிப்பட்ட தண்ணீர் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கணக்கிட்டன. தங்கள் மக்கள் குடிக்கும் தண்ணீரைச் சோதித்துக் கணக்குக் கொடுக்க முடியாத நாடுகள் இன்னும் பல உள்ளன.